சத்தம் இருக்கும்வரை நம்பிக்கை

முதல் தடுப்பூசிக்கு வரும் நாய்க்குட்டியிடம் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. ஓடும், கடிக்கும், செருப்பைக் குதறும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை இடது அக்குள்வரை ஏற்றி வைக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். ‘லப்-டப்’ கேட்க வேண்டிய இடத்தில், கிரைண்டர் ஓடுவதுபோல இடைவெளியே விடாத இரைச்சல். மனிதர்களிடம் கேட்கும் இதே ஓசையை எடின்பரோ மருத்துவர் ஜார்ஜ் கிப்சன் 1900இல் விவரித்தார். நெஞ்சின் கீழ்ப்பக்கம் மட்டும் வைத்துக் கேட்டால் இது தப்பிவிடக்கூடும்.

குட்டிகளிடம் கேட்கும் மெல்லிய மர்மர் (இதய இரைச்சல்) எல்லாமே நோய் அல்ல. பல, நான்கைந்து மாதத்தில் தானாக மறைந்துவிடும். ஓயாத இந்த இரைச்சல் அந்த வகை இல்லை. இதற்குப் பெயர் பேட்டன்ட் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ், சுருக்கமாக பி.டி.ஏ. நாய்களின் பிறவி இதயக் கோளாறுகளில் மிக அதிகமாகக் காணப்படுபவற்றுள் ஒன்று. பொமரேனியன், பூடில், மால்டீஸ், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில் கூடுதல். ஆண் குட்டிகளைவிடப் பெண் குட்டிகளில் அதிகம்.

தாய் வயிற்றில் இருக்கும் குட்டி மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலைத் தவிர்த்துவிட்டு, நுரையீரல் தமனியிலிருந்து நேராகப் பெருந்தமனிக்கு ரத்தம் பாய ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்து மூச்சு விட்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, குழாயைத் திறந்துவைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. குழாய்ச் சுவரின் தசை இறுகி, சில நாட்களுக்குள் வழி அடைபட வேண்டும். பி.டி.ஏ. உள்ள குட்டியிடம் இறுகுவதற்கு அந்தத் தசையே போதுமான அளவு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பெருந்தமனிச் சுவரைப் போன்ற மீள்தன்மை கொண்ட திசு இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு இண்டோமெத்தசின், இபுபுரூஃபன் போன்ற மருந்துகளாலேயே இக்குழாயை மூடிவிட முடிகிறது. நாய்க்குட்டிக்கு அவை பலிக்காததற்கு இதுதான் காரணம். சுருங்க ஆளில்லாத இடத்தில் மருந்து யாருக்குக் கட்டளையிடும்?

குழாய் மூடாவிட்டால் ரத்தம் திசை மாறி, அழுத்தம் மிகுந்த பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்குள் கொட்டுகிறது. போன ரத்தமே இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதால் அது வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. மூடாமல் விட்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு நாய்கள், நோய் தெரிந்த ஓராண்டுக்குள் இறந்துபோகின்றன என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு. காலத்தில் மூடினால் பெரும்பாலானவை மற்ற நாய்களைப் போல முழு ஆயுளும் வாழ்கின்றன. பிறவி இதயக் கோளாறுகளில் இப்படி ஏறக்குறைய முழுமையாகச் சரிசெய்யக்கூடியவை மிகக் குறைவு.

மனிதரில் இதைச் செய்துகாட்டியவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ராபர்ட் கிராஸ். 1938 ஆகஸ்டில், தலைமை மருத்துவர் ஊரில் இல்லாத நேரத்தில், ஏழு வயதுச் சிறுமியின் குழாயை நூலால் கட்டி மூடினார். நாய்களுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே திறந்து அதே முடிச்சுதான் போடப்பட்டு வந்தது. இப்போது தொடைத் தமனி வழியாக மெல்லிய குழலை அனுப்பி, நாயின் டக்டஸ் வடிவத்துக்கென்றே நிட்டினால் கம்பியில் பின்னிய அடைப்பானைப் பொருத்திவிடலாம். இரண்டரை, மூன்று கிலோவுக்கும் குறைந்த குட்டிகளின் தமனி அந்தக் குழல் நுழையப் போதாது. அவற்றுக்கு இன்றும் பெரும்பாலும் முடிச்சுதான்.

அறுவைக்குக் காத்திருக்கும் நாட்களில் வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. குட்டி அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு மூச்சை எண்ண வேண்டும். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முப்பதைத் தாண்டியே நின்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை நல்லது. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் வேண்டாம். பயந்துபோய் விளையாடவே விடாமல் கூண்டில் அடைப்பவர்களும் உண்டு. மூச்சிரைப்பு இல்லாத குட்டிக்கு அந்தத் தண்டனை தேவையில்லை.

பயப்பட வேண்டியது இரைச்சல் காணாமல் போவதற்குத்தான். சில குட்டிகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நுரையீரல் நாளங்கள் தடித்து, அங்குள்ள அழுத்தம் பெருந்தமனியை மிஞ்சிவிடும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மறுபடி பெருந்தமனிக்குள் புகும்; மர்மர் தேய்ந்து மறையும். தலைக்கும் முன்னங்கால்களுக்கும் போகும் கிளைகள் பிரிந்த பிறகே இந்த ரத்தம் கலப்பதால், ஈறு சிவந்தே இருக்கும், பின்னுடல் மட்டும் நீலம் பாரிக்கும். ஓடினால் பின்னங்கால்கள் மடங்கும். முதுகெலும்புக் கோளாறு என்று நினைத்துவிடுவது எளிது. சிறுநீரகத்துக்கும் ஆக்சிஜன் குறைந்த ரத்தமே போவதால், அது சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லி ஹார்மோனைச் சுரக்கிறது, ரத்தம் கெட்டியாகிறது. இந்நிலையில் குழாயை மூடினால் உயிருக்கே ஆபத்து. அவ்வப்போது ரத்தம் எடுத்து, அதை நீர்க்கச் செய்து சமாளிப்பதே முக்கிய வழி.

குட்டி குணமானாலும் அதை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பேட்டர்சன் பூடில் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, இது பரம்பரையாக வருவதை 1971இல் எழுதினார். சில உறவு நாய்களுக்குக் குழாயின் ஒரு முனை மட்டும் மூடி, பெருந்தமனிப் பக்கம் ஒரு பை போலத் திறந்திருந்தது. அந்த நாய்களிடம் மர்மரும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் மரபணு இருந்தது. குட்டியை வாங்கிய இடத்துக்குத் தகவல் சொல்லி, அதே ஜோடியை மறுபடி இணைய விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் சிகிச்சையோடு சேர்ந்த வேலைதான்.