நட்டபாடைப் பண் – தொடங்குவோர்க்கு

தேவார வகுப்புக்கு வரும் பிள்ளைகள், ஏன், அழைத்து வரும் தாய்மாரும்கூட, இசை நூலைத் திறந்த வேகத்தில் மூடிவிடுவதைக் கண்டிருக்கிறேன். நட்டபாடை என்பது கம்பீரநாட்டை, 36-ஆவது மேளமாகிய சலநாட்டையின் ஜன்யம், ஔடவம் என்று நூல் கூறும். பிழையில்லை. ஆனால் முன்பே அறிந்தவருக்கே அது விளங்கும்.

திருஞானசம்பந்தரின் முதற் பதிகமான ‘தோடுடைய செவியன்’ இப்பண்ணில் அமைந்தது. அன்பர்கள் பலரின் செவியில் அதன் மெட்டு ஏற்கெனவே உண்டு. அங்கிருந்தே தொடங்கலாமே! ஆர்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதி வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். ஏழு சுரமும் வந்தால் சங்கராபரணம்; பழம்பஞ்சுரப் பண்ணை இன்று அதில்தான் பாடுகிறோம். இரண்டாவதான ‘ரி’யையும் ஆறாவதான ‘த’வையும் விட்டுவிட்டால் எஞ்சுவன ச, க, ம, ப, நி. இவையே நட்டபாடையின் சுரங்கள். ஐந்தே சுரம் இருப்பதால் ஔடவம். ரியும் தவும் இல்லாத இராகத்துக்குத் தாய் மேளம் எது என்பதை வித்துவான்கள் பார்த்துக்கொள்ளட்டும்!

ஆர்மோனியம் சுரத்தின் இடத்தைக் காட்டும், கமகத்தைக் காட்டாது. அதற்கு ஓதுவார் அருகில் அமர்ந்து கூடவே பாட வேண்டும்.

வகுப்புக்கு நூல் அச்சிட்டு வழங்க முன்வரும் அன்பர்கள், பதிகத்தை முன்னும் இலக்கணத்தைப் பின்னும் வைக்கச் சொல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.