நிர்பீக் கைத்துப்பாக்கி

நிர்பீக், பெண்களை முன்னிறுத்தி இந்தியாவில் 2014 ஜனவரியில் அறிமுகமான சுழல் துப்பாக்கி (ரிவால்வர்). கான்பூரில் உள்ள பீல்டு கன் தொழிற்சாலை இதைத் தயாரித்தது. குறைந்த எடை, கைப்பையில் அடங்கும் அளவு ஆகியவை இதன் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. கைத்துப்பாக்கியில் சுமக்கும் வசதியைக் கூட்டினால் சுடும் வசதி குறையும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெயர்

டிசம்பர் 2012-ல் டெல்லியில் ஓடும் பேருந்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த மாணவியை ஊடகங்கள் 'நிர்பயா' என்று அழைத்தன. அதை ஒட்டி, அச்சமற்ற என்று பொருள்படும் 'நிர்பீக்' என்ற இந்திச் சொல் இத்துப்பாக்கிக்குப் பெயரானது.

அமைப்பு

இது .32 அளவுத் தோட்டாக்கள் ஆறு கொள்ளும் துப்பாக்கி. டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனதால் எடை சுமார் 500 கிராம் மட்டுமே. அறிமுக விலை ரூ. 1,22,360. நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்கப்பட்டது.

எடையும் பின்னுதைப்பும்

தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. ஒரே தோட்டாவை 1 கிலோ எடையுள்ள துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், இரண்டாவது ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் பின்னோக்கி வரும். பையில் கனக்காத துப்பாக்கி சுடும்போது கையை அதிகம் உலுக்கும். பயிற்சி இல்லாதவருக்கு அடுத்த குறி தவறும்.

கைப்பிடி

அந்த உதைப்பைக் கை வாங்கிக்கொள்ளும் இடம் கைப்பிடி. அது உள்ளங்கைக்குப் பொருந்த வேண்டும். தடிமன் அதிகமானால் ஆள்காட்டி விரல் விசையை எட்டாது. நீளம் குறைந்தால் சுண்டுவிரலுக்குப் பிடிப்பு இருக்காது. நீளம் கூடினால் உடைக்கு வெளியே துருத்தித் தெரியும். வழுவழுப்பான மரக் கைப்பிடி துணியில் சிக்காமல் உருவ வரும், ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். ரப்பர் கைப்பிடி உதைப்பைத் தணிக்கும், ஆனால் துணியைப் பற்றி இழுக்கும்.

சுமக்கும் முறை

இடுப்பு உறையில் இருந்தால் கை உடனே எட்டும். ஆனால் சுழல் துப்பாக்கியின் உருளை உடலில் உறுத்தும். கைப்பை உறுத்தாது. ஆனால் ஆபத்து நேரத்தில் திறந்து துழாவ வேண்டும், பையோடு பறிபோகவும் கூடும். சாவி, பேனா போன்றவை விசையில் மாட்டிக்கொள்வதும் அபாயம். எனவே கைப்பையிலும் தனி அறையும் விசையை மூடும் உறையும் தேவை.

உரிமமும் விமர்சனமும்

ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் பெறக் குறைந்தது 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நிர்பீக்கின் விலை பெரும்பாலான பெண்களுக்கு எட்டாதது என்றும், துப்பாக்கி வைத்திருப்பதே ஆபத்தைக் கூட்டும் என்றும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் விமர்சித்தனர். பெண்களின் பாதுகாப்பு அரசின் பொறுப்பு, அதை அவர்களது கைப்பைக்கு மாற்றிவிடக் கூடாது என்பதும் அன்று எழுந்த வாதம்.

2021 அக்டோபரில் அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலையும் திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றில் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.