மாயாபஜாரின் கயிறுகள்

கடோத்கசன் கையை நீட்டுவதே இல்லை. தட்டிலிருந்து லட்டு தானாக எழும்பி, காற்றில் மிதந்து வந்து அவன் வாய்க்குள் போகிறது. 1957-இல் வெளிவந்த ‘மாயாபஜார்’ படத்தில் எஸ்.வி.ரங்காராவ் இப்படி விருந்து சாப்பிட்டதை மறக்க முடியுமா? அங்கே கேமரா கைகொடுத்தது. சுரபி நாடகக்காரர்களோ இதே கதையை மேடையில், நம் கண்ணெதிரே நடத்திக் காட்டுகிறார்கள்.

ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் சுரபி என்றொரு ஊர். வனாரச கோவிந்தராவின் குடும்பம் 1885-இல் அங்கே ‘கீசகவதம்’ நாடகத்தைப் போட்டது. அதிலிருந்து ஊர்ப்பெயரே குழுவின் பெயராகிவிட்டது. பெண் வேடத்தை ஆண்களே கட்டிய அந்தக் காலத்தில், இந்தக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறினார்கள். பிறகு உறவுகள் பெருகப் பெருகக் குழுக்களும் பெருகின. அவற்றுள் ஒன்றான ஸ்ரீ வெங்கடேஸ்வர நாட்டிய மண்டலி 1937-இல் தொடங்கியது. அதை நெடுங்காலம் நடத்திய ‘பாப்ஜி’ என்கிற நாகேஸ்வர ராவுக்கு 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, லட்டு எப்படிப் பறக்கிறது? மெல்லிய நூல், கப்பி, திரைக்குப் பின்னால் நிற்கும் ஆள். அவ்வளவுதான். ஒரு பொருள் நம் கண்ணில் படவேண்டுமானால், பின்னால் இருப்பதிலிருந்து அது வேறுபட்டுத் தெரியவேண்டும். அடர்நிறப் படுதாவுக்கு முன்னால் கறுப்பு நூலைக் கட்டி, லட்டின்மேல் மட்டும் வெளிச்சம் விழச் செய்தால் நூல் மறைந்துவிடும், லட்டு மட்டும் மினுங்கும். எதிரெதிரே பாய்ந்து நடுவானில் மோதும் அம்புகளுக்கும் இழுத்துக் கட்டிய கம்பிதான் பாதை.

நாரதர் மேகத்திலிருந்து இறங்குவது இன்னும் கடினமான வேலை. உத்தரத்தில் மாட்டிய கப்பி, கயிற்றின் திசையை மாற்றித் தருமே ஒழிய எடையைக் குறைக்காது. அறுபது கிலோ நாரதர் என்றால் பக்கவாட்டில் நிற்பவர்களின் கைகளில் அந்த அறுபது கிலோவும் வந்து உட்காரும். குலுங்காமல், பாட்டின் தாளம் தப்பாமல் அவரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் மாயம் கலைந்துபோகும்.

இங்கேதான் சுரபியின் பலம் எனக்குப் புலப்படுகிறது. கயிறு பிடிக்கிறவர் வெளியாள் அல்ல, நாரதருக்கு மாமனோ மச்சானோதான். பிரகலாதனாக நடிக்கும் பிள்ளை, தூண் எப்போது பிளக்கும் என்பதைப் பக்கத் திரையோரம் நின்று பார்த்தே வளர்ந்திருக்கிறது. இன்று வேடம் கட்டுகிறவர் நாளை படுதா இழுப்பார். வசனத்தில் யார் எங்கே மூச்சு விடுவார் என்பதுகூட எல்லாருக்கும் அத்துப்படி. இந்தப் பழக்கத்தை எந்த மோட்டாராலும் ஈடுசெய்ய முடியாது. நவீன நாடக மேதை பி.வி.காரந்த் இவர்களோடு சேர்ந்து நாடகங்களை இயக்கியபோதும் நடித்தவர்கள் இதே குடும்பத்தார்தான்.

தெலுங்கு தெரியாதவர்களும் தயங்காமல் போகலாம், கதை நமக்குத் தெரிந்த கதைதான். முதல் தடவை நடுவரிசையில் உட்கார்ந்து வாய்பிளந்து ரசியுங்கள். இரண்டாம் தடவை ஓரத்து நாற்காலியாகப் பார்த்து அமர்ந்து, கயிறு எங்கே போகிறது என்று தேடிப்பாருங்கள்.