பிரம்புக் கூடைக்குள் எட்டிப் பார்ப்போமா?

மெதுவாக வாருங்கள். சுருட்டு, தீப்பெட்டி ஏதாவது இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். இங்கே எல்லாம் ஹைட்ரஜன். ஒரு பொறி விழுந்தால் போதும், கதை முடிந்தது!

ஆண்டு 1918. முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனை. பதுங்குகுழிகளுக்குச் சில கிலோமீட்டர் பின்னால், மரங்களுக்கு நடுவே, தும்பிக்கையை எங்கோ தொலைத்துவிட்டு வந்த யானை மாதிரி படுத்துக் கிடக்கிறதே, அதுதான் காக்கோ பலூன். பிரெஞ்சுப் பொறியாளர் ஆல்பெர் காக்கோவின் கைவண்ணம். ஜெர்மானியர்களிடம் 'டிராஹன்' என்ற பலூன் முன்பே இருந்தது. காற்று பலத்தால் அது ஆடும் ஆட்டத்தில் உள்ளே இருப்பவருக்குக் குடலே புரண்டுவிடும். காக்கோ என்ன செய்தார்? வால் பக்கம் காற்று நிரம்பும் மூன்று பைகளைச் சேர்த்தார். பலூன் சமர்த்தாக நின்றது! ஜெர்மானியர்களுக்கும் பிடித்துப்போய்க் காப்பியடித்துக்கொண்டார்கள். போர்க்களத்தில் காப்புரிமை வழக்கு யார் போடுவது?

இப்போது கூடையைப் பாருங்கள். இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். பைனாகுலர் உண்டு, வரைபடம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக டெலிபோன் உண்டு. அதன் அருமை தெரிய வேண்டுமானால் விமானத்தில் பறந்து, பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று வேவு பார்த்துச் சொல்பவரின் பாட்டைக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் விமானத்தில் வயர்லெஸ் இருக்கிறது. ஆனால் மோர்ஸ் தட்டலாமே தவிர, பதில் வராது. பதில் சொல்ல, கீழே இருப்பவர்கள் தரையில் துணிப்பட்டைகளை விரித்துக் காட்ட வேண்டும்! அதனால் எல்லாமே சுருக்கக் குறியீடு. இலக்குதான் கடிகாரத்தின் நடுப்புள்ளி, வடக்குதான் 12 மணி. தூரத்துக்கு எழுத்து: ஏ என்றால் 50 கெஜம், பி 100, சி 200. 'சி 6' என்று வந்தால், குண்டு தெற்கே 200 கெஜம் தள்ளி விழுந்திருக்கிறது. என்ன ஒரு மூளை!

பலூன்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று வாய்விட்டே சொல்வார். பீரங்கிக்காரர் திருப்பிக் கேள்வியும் கேட்பார். பாவம், பீரங்கிக்காரர் சுடுவது மேட்டுக்கு அந்தப் பக்கம், மைல் கணக்கில் தள்ளி. ஆயிரம் மீட்டருக்கு மேலே தொங்கும் இந்த மனிதர் சொல்வதுதான் அவருக்குப் பார்வை. எதிரிக்கு இந்தக் கூடைமேல் அவ்வளவு ஆத்திரம் வருவதும் அதனால்தான்.

கூடைக்கு வெளியே கூம்பு மாதிரி ஓர் உறை தொங்குகிறதா? பாரசூட்! குதிப்பவரின் எடையே அதை வெளியே இழுத்து விரித்துவிடும். போர் முடியும்வரை பிரிட்டிஷ் விமானிகளுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவே இல்லை. ஆனாலும் எல்லோரையும் அது காப்பாற்றவில்லை. லண்டன் மேடைகளின் செல்லப் பாடகர் பேசில் ஹாலமும் பலூன் அதிகாரியாகத்தான் இருந்தார். 1916 ஆகஸ்டில், சோம் போர்முனையில், பலூன் கட்டறுத்துக்கொண்டு போக, கீழே விழுந்து மாண்டார்.

பலூனைச் சுடுவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? சுற்றிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள்; பலூன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் அவற்றுக்கு அத்துப்படி. எதிரி விமானம் தெரிந்ததும் லாரியில் இருக்கும் வின்ச் பலூனை மடமடவென்று கீழே இழுக்கும். சில கூடைகளில் ஆளே இருக்க மாட்டார், வெடிமருந்துதான் இருக்கும். கிட்டே வரும் விமானியோடு சேர்த்து வெடிக்க!

இத்தனையையும் மீறி 30-க்கும் மேற்பட்ட ஜெர்மன் பலூன்களை எரித்தவர் பெல்ஜியத்தின் வில்லி கோப்பன்ஸ். நீல நிற ஹான்ரியோ விமானம் அவருடையது. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒருமுறை அவர் சுட்டதில் வடம் அறுந்து, பலூன் திடுமென மேலே எழும்பியது. விமானம் அதன் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டது! புரொப்பெல்லர் துணியில் சிக்கிவிடாமல் இருக்க கோப்பன்ஸ் சட்டென்று இன்ஜினை அணைத்தார். விமானம் பலூனின் பக்கவாட்டில் சறுக்கி வெற்றுவெளியில் விழ, அந்த வேகத்திலேயே இன்ஜினை மறுபடி கிளப்பிக்கொண்டு வீடு திரும்பினார்.