மழை கெடுத்த ஆண்டின் சிவப்பு ஒயின்

பழம் முற்றும் நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால் டுரியான் சுளை நீர்கோத்து, சுவை மங்கிப்போகும். பினாங்கின் ஆயர் ஈத்தாம்வாசிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் திராட்சைக்கும் இதே பாடுதான். ஆனால் டுரியான் அந்தப் பருவத்தோடு தீர்ந்துவிடும். போர்டோ ஒயினிலோ கெட்ட பருவத்தின் ஆண்டு போத்தலில் அச்சாகி, பல வருடங்கள் கூடவே வரும்.

அப்படி ஓர் ஆண்டு 2013. வசந்தம் குளிரும் ஈரமுமாகக் கழிந்தது. ஜூனில் பூத்த மெர்லோ வகைத் திராட்சைக் கொடிகளில் பூக்கள் கருவுறாமலே உதிர்ந்தன. ஜூலையில் நல்ல வெயில் அடித்தது, விவசாயிகள் மூச்சுவிட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆலங்கட்டி மழை சில பகுதிகளைச் சிதைத்தது. செப்டம்பர் இறுதியில் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து, குலைகளில் சாம்பல் பூஞ்சை பரவியது. இன்னும் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் அழுகும். இப்போதே பறித்தால் பழுத்தது பாதிதான். பலர் பறித்துவிட்டார்கள். 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்த விளைச்சலை போர்டோ கண்டதில்லை.

அந்த 1991இன் கதை இன்னும் கொடுமை. ஏப்ரல் உறைபனியில் இளந்தளிர்கள் கருகின. உலகப் புகழ்பெற்ற பெட்ரூஸ் தோட்டம் அந்த ஆண்டின் பெயரில் ஒயினே வெளியிடவில்லை.

வெயில் போதாத திராட்சையில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். பச்சைக் குடைமிளகாய் வாசனை தரும் ஒரு வேதிப்பொருளும் குறையாமல் தங்கிவிடும். இதைச் சமாளிப்பதில்தான் ஒயின் செய்பவரின் கைத்திறன் தெரிகிறது. வசதியுள்ள தோட்டங்களில் ஓடும் பட்டையின் மேல் கேமரா ஒவ்வொரு பழத்தையும் பார்க்கும். நிறமோ வடிவமோ சரியில்லாததைக் காற்றுப் பீச்சு ஒன்று தட்டிவிடும். சாற்றில் சர்க்கரை சேர்க்கவும் சட்டம் ஓர் அளவுக்கு இடம் தருகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சேர்த்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன. சரியாகப் பழுக்காத தோலை நெடுநாள் ஊறவைத்தால் கசப்பும் கூடவே இறங்கும் என்பதால், இத்தகைய ஆண்டுகளில் இலேசாக ஊறவைத்து, சீக்கிரமே சாற்றைப் பிரித்துவிடுவார்கள்.

ஈர ஆண்டின் இன்னொரு பகை அடிச்சாம்பல் நோய். 1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. 1882இல் போர்டோவின் மெதோக் பகுதியில் நடந்துகொண்டிருந்த தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருப்பதைக் கண்டார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, அவற்றின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். ஆராய்ந்து, 1885இல் அதை மருந்தாகவே அறிவித்தார்.

அதுதான் தமிழ் விவசாயிகள் இன்றும் பெயர் சொல்லிக் கலக்கும் போர்டோ கலவை. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். பளபளக்கும் அரிவாளைக் கலவையில் முக்கி எடுத்தால் செம்புப் படிவு தெரியக்கூடாது. தெரிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய திராட்சைத் தோட்டங்களுக்கும் இதே கலவைதான் பரிந்துரை. செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு நியாயமானதே.

2013 ஒயினை மட்டமென்று ஒதுக்குவது தவறு. அக்கறையோடு செய்தவை மென்மையாக, பழச்சுவையோடு இருந்தன. ஆனால் நெடுங்காலம் வைக்கும் வலு பெரும்பாலானவற்றுக்கு இல்லை. அந்த ஆண்டின் போத்தல் யாரிடமாவது இருந்தால், இனியும் சேமித்து வைக்காமல் திறந்துவிடுவது நல்லது.