இசப்கோல் குடிக்கிறீங்களா? தண்ணீர் குறைந்தால் ஆபத்து... யார் எடுக்கலாம், எப்படி எடுக்கணும்?

"ரெண்டு நாளா வயிறு சரியில்லையா? ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல் போட்டுக் குடிங்க, சரியாயிடும்." அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லியிருக்கும் யோசனை இது. இப்போது சமூக வலைதளங்களில் இதையே உடல் எடை குறைக்கும் 'மேஜிக் பவுடர்' என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும் பொருள் என்பதால் பலரும் இதை யோசிக்காமல் வாங்குகிறார்கள். ஆனால், போதிய தண்ணீர் இல்லாமல் எடுத்தால் இதே இசப்கோல் தொண்டையை அடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

இசப்கோல் என்றால் என்ன?

'பிளான்டாகோ ஓவாட்டா' என்ற சிறு செடியின் விதையை மூடியிருக்கும் மெல்லிய உமிதான் இசப்கோல். மருத்துவர்கள் இதை 'சைலியம்' என்பார்கள். குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில் குளிர்காலப் பயிராக விளைகிறது. குஜராத்தின் உஞ்சா, சித்பூர் ஊர்கள் இதன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்றவை. இதை உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடும் இந்தியாதான்.

விதையின் வடிவத்தை வைத்து, பாரசீக மொழியில் 'குதிரைக் காது' என்ற பொருளில் வந்த பெயர் இது.

சர்பத்தில் போடும் சப்ஜா விதையும் இதுவும் ஒன்று எனச் சிலர் நினைக்கிறார்கள். அது வேறு. சப்ஜா, திருநீற்றுப்பச்சிலை வகைச் செடியின் விதை.

உடலுக்குள் என்ன செய்கிறது?

நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் கரையாதது ஒன்று. கோதுமைத் தவிடு இதற்கு உதாரணம். தண்ணீரில் கரைந்து கூழாகும் வகை இன்னொன்று. ஓட்ஸ், பார்லி, வெந்தயம், பயறு வகைகளில் இருப்பது போல இசப்கோலிலும் இந்த வகைதான் அதிகம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் இசப்கோலைப் போட்டுச் சில நிமிடம் விட்டால், அது உப்பி வழவழவென ஜெல் போல ஆகிவிடும். குடலுக்குள் நடப்பதும் இதுதான். இந்த ஜெல் பெருமளவு செரிக்காமல், தண்ணீரைப் பிடித்து வைத்தபடியே பெருங்குடல் வரை போகிறது.

என்னென்ன நன்மைகள்?

மலச்சிக்கல்: இறுகிய மலத்தை இளக்கி, அளவையும் கூட்டுவதால் எளிதாக வெளியேறும். பொதுவாக 12 முதல் 72 மணி நேரத்தில் பலன் தெரியும். 'இன்னைக்கு ராத்திரி குடிச்சா நாளைக்குக் காலையிலேயே' என எல்லோருக்கும் நடக்காது. முதல் நாள் பலன் இல்லையே என்று அளவைக் கூட்டக் கூடாது.

வயிற்றுப்போக்கு: குடலில் அதிகமாக இருக்கும் நீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்கவும் இது உதவும். வட மாநிலங்களில் தயிரில் கலந்து சாப்பிடும் பழக்கம் உண்டு. ஆனால், உடலில் நீரிழப்பு ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ் கரைசல்தான் முக்கியம். இசப்கோல் அதற்கு மாற்று அல்ல.

கெட்ட கொழுப்பு: இந்த ஜெல், குடலில் இருக்கும் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டு போய்விடும். குறைந்ததை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலங்களைத் தயாரிக்கும். இதனால் எல்.டி.எல் எனும் கெட்ட கொழுப்பு சுமார் 5 முதல் 10 சதவீதம் குறையலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, 1998-ல் இதய நோய் அபாயத்தைக் குறைப்பதோடு தொடர்புபடுத்தி இதை விளம்பரப்படுத்த அனுமதி கொடுத்தது. சைலியத்தில் இருந்து தினமும் 7 கிராம் கரையும் நார்ச்சத்து என்பது கணக்கு. நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவுமுறையோடு சேர்ந்தால்தான் இது பொருந்தும். இதை நம்பி கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவது தவறு.

சர்க்கரை: உணவில் உள்ள சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தை ஜெல் குறைக்கிறது. சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென ஏறுவது கொஞ்சம் மட்டுப்படும்.

எடை குறையுமா?

வயிறு நிறைந்த உணர்வைத் தருவதால் சிலர் குறைவாகச் சாப்பிடலாம். அவ்வளவுதான். எடை குறைப்பு ஊசிகளோடு இதை ஒப்பிடும் ரீல்ஸ்களை நம்ப வேண்டாம்.

எப்படி எடுக்கணும்?

* ஒவ்வொரு முறையும் ஒரு முழு டம்ளர், அதாவது சுமார் 240 மி.லி. தண்ணீர் கட்டாயம்.
* கலக்கியதும் குடித்துவிடுங்கள். கெட்டியான பிறகு விழுங்குவது கஷ்டம். குடித்த பின் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடிப்பது நல்லது.
* உலர்ந்த உமியை அப்படியே வாயில் போட்டு விழுங்கவே கூடாது.
* குடித்த உடனே படுக்கக் கூடாது.
* முதலில் தினமும் ஒரு டீஸ்பூன். உடல் பழகிய பிறகு, பாக்கெட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் மெல்லக் கூட்டலாம். ஆரம்பத்திலேயே அதிகம் எடுத்தால் வயிறு உப்புசம், வாயு வரும்.
* அரைத்த பொடி ஒரு ஸ்பூன் என்றால் உமியைவிட எடை அதிகம். பிராண்ட் மாற்றினால் அளவைத் திரும்பப் பாருங்கள்.
* சுவையூட்டப்பட்ட பாக்கெட்டுகள் சிலவற்றில் சர்க்கரை இருக்கும். சர்க்கரை நோயாளிகள் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

தண்ணீர் போதாவிட்டால் உமி தொண்டையிலோ உணவுக்குழாயிலோ உப்பி அடைத்துக்கொள்ளலாம். இதனால்தான் பாக்கெட்டிலேயே இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று 1993-லேயே எஃப்.டி.ஏ உத்தரவிட்டது. குடித்த பிறகு நெஞ்சுவலி, வாந்தி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு...

இந்த ஜெல் மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கலாம். எனவே மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு, வலிப்பு, இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்வது பாதுகாப்பு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு அதிகம் இறங்கிவிடாமல் கண்காணிப்பு தேவை.

யார் எடுக்கக் கூடாது?

விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாய் அல்லது குடல் சுருக்கம், குடல் அடைப்பு உள்ளவர்களுக்கு இது கூடாது. இசப்கோல் தூசி பட்டாலே தும்மல், மூச்சிரைப்பு வரும் அலர்ஜி சிலருக்கு உண்டு. அவர்களும் தவிர்க்க வேண்டும். சிறுநீரக, இதயப் பிரச்னைக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

ஒரு வாரம் எடுத்தும் பலன் இல்லை, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, கடுமையான வயிற்றுவலி, மலம் கழிக்கும் பழக்கத்தில் திடீர் மாற்றம் 2 வாரத்துக்கு மேல் நீடிப்பது... இவற்றில் ஒன்று இருந்தாலும் இசப்கோலில் நாளைக் கடத்தாதீர்கள். மூலம் என்று நினைத்துக்கொண்டிருப்பது குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்கறி, கீரை, பயறு, கொய்யா, சிறுதானியம் மூலமாகவே இதில் பெரும்பகுதியைப் பெற முடியும். சாப்பாட்டில் அதைச் சரிசெய்த பிறகும் குறை இருந்தால் இசப்கோலைச் சேர்த்துக்கொள்ளலாம்.