ஆயர் வாழ்க்கையை வகுப்பில் எப்படிக் காட்டுவது? லடாக் மேய்ச்சல் நிலத்தில் ஒரு குதிரைப் பயணம்



முல்லைத் திணையை நடத்தும்போது நம்மில் பலருக்கு ஒரே சிக்கல்தான். மாயோன், கார்காலம், மாலைப்பொழுது, ஏறு தழுவுதல் என்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறோம். மாணவர்களும் மனனம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஆயர் என்பவர் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்வார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாஆவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை. மரத்தடியில் மேயும் நாலு மாட்டைப் பார்த்திருப்பாங்க, அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் 'நாடோடி' என்ற சொல். பொருள் கேட்டால், "வீடு வாசல் இல்லாதவங்க, பாவம்" என்பார்கள். இன்னும் சிலர் சோம்பேறிக்கும் ஊர்சுற்றிக்கும் அதே சொல்லைப் போடுவார்கள்.

இந்த இரண்டுக்கும் உதவும் என்றுதான் இக்கட்டுரை. இந்தியாவின் வடகோடியில் உள்ள லடாக்கில் இன்றும் மந்தையோடு இடம் மாறி வாழும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாங்பா என்று பெயர். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தைக் கடந்து செல்லும் ஒரு மலைப்பயணத்தை நாள்வாரியாக விளக்குகிறேன். பீடிகைக்கும் பயன்படும், கட்டுரைப் பயிற்சிக்கும் பயன்படும்.

முதலில் இடம்

உயரத்தைச் சொல்லும்போது மாணவர்களுக்குத் தெரிந்த மலையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். நம் ஜொகூரின் லேடாங் மலை 1,276 மீட்டர். சபாவின் கினாபாலு 4,095 மீட்டர். லடாக்கின் முக்கிய நகரமான லே ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. அதாவது விமானத்தை விட்டு இறங்கிய நிமிடமே கிட்டத்தட்ட மூன்று லேடாங் உயரத்தில் நிற்கிறீர்கள். பயணத்தில் கடக்கும் கணவாய்கள் பல 5,000 மீட்டருக்கும் மேல், கினாபாலு உச்சியைவிட உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுதான் கூடுதல். அதனால் லேயில் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்கணும். அவசரப்பட்டு ஏறினால் தலைவலி, வாந்தி வரும். முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் கீழே இறங்குவது.

அடுத்து மழை. லேயில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். 2023 மார்ச் வெள்ளத்தைப் பார்த்த சாஆ பிள்ளைங்களுக்கு இதை எளிதாகப் புரிய வைக்கலாம். நமக்கு ஒரே நாளில் கொட்டிவிடும் மழை அங்கே ஓர் ஆண்டுக்கானது. மழை குறைவு, அதனால் புல் குறைவு. ஒரே இடத்தில் மந்தையை நிறுத்தினால் சில வாரத்தில் புல் தீர்ந்துவிடும். சாங்பா மக்கள் ஏன் இடம் மாறுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பயணம்

லேயிலிருந்து மணாலி போகும் சாலையில் ரும்ட்சே என்ற கிராமம் இருக்கிறது. நடை அங்கே தொடங்கி, சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் கிராமத்தில் முடியும். ஏழு, எட்டு நாள் ஆகும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் ஏற்ற காலம்.

முதல் நாள் ஓடையை ஒட்டிய மெல்லிய ஏற்றம். இரண்டாம் நாள் கியாமர் லா, மண்டல்சன் லா என்ற இரண்டு கணவாய்கள். 'லா' என்றால் லடாக்கி மொழியில் கணவாய். அடுத்த கணவாயில் நின்றால் கீழே சோ கார் என்ற உப்பு ஏரி தெரியும். 'சோ' என்றால் ஏரி. அதன்பின் வரும் பள்ளத்தாக்குகளில்தான் சாங்பா மக்களின் கோடைக்கால முகாம்களைப் பார்க்கலாம். கடைசிக் கணவாய் யாலுங் ஞாவ் லா, ஏறத்தாழ 5,400 மீட்டர். அதைத் தாண்டி இறங்கினால் சோ மோரிரி.

குதிரைக்கு இங்கே என்ன வேலை? படத்தில் பார்ப்பதுபோல் எல்லாரும் குதிரைமேல் பாய்ந்து போவதில்லை. பெரும்பாலும் நீங்கள் நடப்பீர்கள். அரிசி, மாவு, மண்ணெண்ணெய், கூடாரம் எல்லாம் குதிரைமேல் போகும். ஏறிப் போகிறவர்களும் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் அவர்களும் இறங்கி நடக்க வேண்டியதுதான். ஜான்ஸ்காரி என்ற உள்ளூர் இனக் குதிரை உருவில் சிறியது. ஆனாலும் மெல்லிய காற்றில் சுமையோடு ஏறுவதில் கெட்டி.

மாலையில் குதிரைக்காரர் சுமையை இறக்கிவிட்டுக் குதிரைகளை மேயவிடுவார். தூரம் போகாமல் இருக்க முன்னங்கால்களைத் தளர்வாகக் கட்டுவது வழக்கம். அந்தக் கட்டுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தளை. நாம் யாப்பில் நடத்தும் அதே தளைதான். சீரையும் சீரையும் கட்டுவது செய்யுளில் தளை, காலையும் காலையும் கட்டுவது மேய்ச்சலில் தளை. யாப்புப் பாடத்திலும் இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைங்க மறக்கமாட்டாங்க.

முகாம் எங்கே என்பதையும் குதிரைதான் முடிவு செய்கிறது. தண்ணீரும் புல்லும் இருக்கிற இடத்தில்தான் இரவு தங்க முடியும். காட்சி அழகாக இருக்கிறதே என்று எந்த இடத்திலும் கூடாரம் போட முடியாது. இரண்டு நாள் இப்படி நடந்தாலே மேய்ப்பவரின் கணக்கு நமக்கும் பிடிபடத் தொடங்கும்.

கறுப்புக் கூடாரமும் வெள்ளைக் கூடாரமும்

சாங்பா மக்களின் பழைய கூடாரத்துக்கு ரேபோ என்று பெயர். யாக் மயிரைத் திரித்து, நீளப் பட்டைகளாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைத்து அமைப்பார்கள். நிறம் கறுப்பு. நடுவில் அடுப்பு, உச்சியில் புகை போக இடைவெளி, உள்பக்கத்தின் கடைசியில் வழிபாட்டு இடம். விறகு கிடையாது, காய்ந்த சாணம்தான் எரிபொருள். நம் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த வறட்டியேதான். இப்போது பல குடும்பங்கள் கடையில் வாங்கும் துணிக் கூடாரத்துக்கு மாறிவிட்டன.

காணொளி தேடினால் மாணவர்களுக்கு வேறொரு கூடாரம்தான் முதலில் கிடைக்கும். வெள்ளையாக, வட்டமாக இருக்கும். அது யுர்ட். கிர்கிஸ்தான், கஸகஸ்தான், மங்கோலியா நாடுகளைச் சேர்ந்தது. கிர்கிஸ்தானில் 3,016 மீட்டர் உயரத்தில் உள்ள சோன்-கோல் ஏரிப் பக்கம் போனால் உண்மையிலேயே பல நாள் குதிரைமேல் பயணம் செய்து, மேய்ப்பர்களின் யுர்ட்டில் தங்கலாம். மடக்கி விரிக்கும் மரச் சட்டம், அதன்மேல் கம்பளிப் போர்வை, உச்சியில் வட்ட வளையம். அந்த வளையம்தான் கிர்கிஸ்தான் கொடியின் நடுவில் இருக்கிறது. யுர்ட் செய்யும் கலையை 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு கூடாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் ஒப்பிட்டு எழுதும் பயிற்சி தயார்.

ரேபோவில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. யாக்கைத்தான் நம் இலக்கியம் சொல்லும் கவரிமா என்று பலரும் கொள்கிறார்கள். 969-ஆம் குறளை நடத்தும்போது 'கவரிமான்' என்று மானாக்கிவிடுவது நம் வழக்கம். வட இமயத்தில் மணமுள்ள புல்லை மேய்ந்து திரியும் கவரியைப் புறநானூறு 132-ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. "டீச்சர், மயிரை எடுத்தா அது செத்துடுமா?" என்று எவராவது கேட்பார்கள். சாகாது. ஆண்டுதோறும் மயிர் எடுத்துத்தான் கூடாரமே நெய்கிறார்கள். வள்ளுவர் மானத்துக்குச் சொன்ன உவமை அது என்று விளக்கினால் போதும்.

ஒரு நாள் வேலை

கூடாரத்துக்கு விருந்தினராகப் போனால் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் தருவார்கள். கூடவே வறுத்த வாற்கோதுமை மாவு. காட்டிய இடத்தில் உட்காருங்கள். அப்புறம் அவர்கள் வேலையைக் கவனியுங்கள்.

பால் கறக்கும் நேரத்தில் ஆடுகளை எதிரெதிராக நிறுத்தி, கழுத்துகளை ஒரே கயிற்றால் பின்னிக் கட்டுகிறார்கள். இரண்டு வரிசை, நடுவில் கொம்புகள், வெளிப்பக்கம் மடி. பெண்கள் வரிசையாகக் கறந்துகொண்டே போவார்கள். கோடையின் தொடக்கத்தில் சீப்பால் வாரி ஆட்டின் உள்மயிரை எடுப்பார்கள். அதுதான் உலகப் புகழ்பெற்ற பஷ்மினா. ஓர் ஆட்டில் ஏறத்தாழ கால் கிலோ கிடைக்கும். கடுங்குளிரில் உடம்பைக் காக்க ஆட்டுக்கு வளரும் மயிர் அது. அதே குளிர்தான் ஆபத்தும். 2013-இன் தொடக்கத்தில் பெய்த கடும்பனியில் ஆயிரக்கணக்கான குட்டிகள் மடிந்தன.

எந்தப் பள்ளத்தாக்குக்கு எப்போது போவது என்பது ஒவ்வொருவரின் விருப்பமல்ல. கோபா என்ற ஊர்த்தலைவரும் பெரியவர்களும் கூடி முடிவு செய்வார்கள். குளிர்காலப் புல்லைக் கோடையில் தொடக்கூடாது. நம் பள்ளி நேர அட்டவணையைவிடக் கறாரான அட்டவணை அது. அவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்வது சரியில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பெயரும் முறையும் இருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மேய்ப்பர்கள் ஆட்டு மந்தையோடு தஞ்சைப் பக்கம் வரை போவார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளை அடைத்துவைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரமாகும், வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். மேய்ப்பர் குழுவின் தலைவர் கீதாரி. கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலும் சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலும் இந்த வாழ்க்கையைப் பற்றியவை.

ஓர் எச்சரிக்கை. லடாக்கை முல்லை நிலம் என்று மாணவர் எழுதிவிடக்கூடாது. முல்லை என்பது காடும் காடு சார்ந்த இடமும். லடாக் குளிர்ப் பாலைநிலம். நாம் ஒப்பிடுவது நிலத்தை அல்ல, மந்தையை நம்பி வாழும் வாழ்க்கையை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். மந்தையை மேய்ப்பவர் போவதும், வீட்டிலிருப்பவர் மாலையில் காத்திருப்பதும் மாணவர்களுக்குக் கண்முன் வந்துவிட்டால், அந்த ஒரு சொல் மனனப் பகுதியாக இருக்காது.

பள்ளிக்கூடம் செய்த வேலை

ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் யோசிக்க வேண்டிய பகுதி இது. சாங்பா மக்களில் கர்னக் என்ற பிரிவினரில் பெரும்பாலான குடும்பங்கள் மந்தையை விட்டுவிட்டு லே நகரின் ஓரத்தில் குடியேறிவிட்டன. அந்தக் குடியிருப்புக்குக் கர்னக்லிங் என்றே பெயர். காரணங்கள் பல. கடுமையான வேலை, தொலைவில் இருக்கும் மருத்துவமனை, குளிர். அவற்றில் முதன்மையான ஒன்று பிள்ளைகளின் படிப்பு. பிள்ளை நகரத்து விடுதியில் படிக்கிறது. விடுமுறையில் வரும்போது ஆட்டைக் கயிற்றில் பின்னத் தெரியாது. வாரும் சீப்பைப் பிடிக்கத் தெரியாது. பெற்றோருக்கு வயதாகிறது, பின்னால் ஆளில்லை, மந்தையை விற்றுவிடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு அருகிலேயே, பூகா என்ற இடத்தில், நாடோடிக் குடும்பப் பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பள்ளி நடப்பது இதற்கு ஒரு மாற்று முயற்சி.

பெற்றோர் செய்தது தவறா? சொல்வது கடினம். படிப்பு வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் பால்மரத் தோட்டத்தை விட்டு வந்ததற்கு நம் படிப்பும் ஒரு காரணம். தோட்டத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்த எத்தனையோ சொற்களும் கைவேலைகளும் நமக்குத் தெரியாமலே போய்விட்டன. அதனால் இந்தக் கேள்வி நம் மாணவர்களுக்கும் அந்நியமானதல்ல.

வகுப்பில் செய்து பார்க்க

ஒன்று: பீடிகையாக ரேபோ, யுர்ட் படங்களைக் காட்டி, எந்தப் பொருளால் ஆனது, ஏன் என்று ஊகிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: கிடை, பட்டி, தளை, தொழுவம், மந்தை, கீதாரி ஆகிய சொற்களுக்குக் குழுமுறையில் பொருள் கண்டு வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள்.

மூன்று: வீட்டில் தாத்தா பாட்டியிடம் தோட்டத்து வேலை பற்றிப் பேசி, தங்களுக்குத் தெரியாத ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஐந்துக்கு மேலேயே வரும்.

நான்கு: "நான் ஒரு சாங்பாப் பெற்றோர் என்றால் என் பிள்ளையை நகரத்துப் பள்ளிக்கு அனுப்புவேனா?" என்ற தலைப்பில் படிவம் 4, 5 மாணவர்கள் விவாதித்து எழுதலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் கருத்து வறட்சி வராது. விடைத்தாளில் 'நாடோடி' என்ற சொல்லை அவர்கள் எந்தப் பொருளில் எழுதுகிறார்கள் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். பாடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.